நாலாவது பிளக்

கோத்தகிரியில் உறைபனி விழுந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போஜனுக்குத் திருடன் என்ற பெயர் வந்து சேர்ந்தது.

பல வருடம் லாரி ஓட்டிவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு சூசையின் கார் பட்டறைக்குத் தொழில் படிக்க வந்தவன் போஜன். சூசைக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். ஆனாலும் ஊர் அவரைக் குரு என்றது. போஜனும் அப்படியே கூப்பிட்டான்.

பெயர் சூட்டியவர் டாக்ஸிக்காரர் நஞ்சுண்டன். முந்தைய நாள்தான் போஜன் அவர் காருக்கு நாலு ஸ்பார்க் பிளக்கையும் புதிதாக மாற்றிக் கொடுத்திருந்தான். இப்போது அந்தக் கார் உதறிக்கொண்டும் இருமிக்கொண்டும் பட்டறை வாசலில் வந்து நின்றது.

"புது பிளக்கைத் திருடிட்டுப் பழசை மாட்டியிருக்கான் குரு. டாக்ஸி ஸ்டாண்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வர்றேன்."

போஜன் வீல் ஸ்பேனரை எடுத்தான்.

"கீழ வை" என்றார் குரு.

"இனிமே எவன் என்னை நம்பிச் சாவி தருவான்?"

"கீழ வைன்னேன்."

வைத்தான். நரம்பில்லாத நாக்கு எதையும் பேசிவிடும். கேட்டவன்தான் அதைச் சுமந்துகொண்டு அலைய வேண்டும். நியாயமா இது?

குரு சற்று நேரம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். பிறகு அணைத்தார்.

"காலையில என்ன செஞ்சே, நஞ்சுண்டா?"

"எப்பவும் செய்யறதுதான். ஷெட்டுல இருந்து எடுத்தேன். எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி நிறுத்தினேன். ஆஃப் பண்ணிக் கற்பூரம் காட்டினேன். திரும்ப ஸ்டார்ட் பண்ணினா உதறுது."

"உடனே ஆஃப் பண்ணினியா?"

"ஓடுற வண்டிக்கா கற்பூரம் காட்டுவாங்க? வாராவாரம் இதைத்தானே செய்யறேன்."

"வாராவாரம் இப்படிப் பனி விழுந்துச்சா?"

நஞ்சுண்டன் வாசலில் வெளுத்துக் கிடந்த பனியைப் பார்த்தார்.

குரு ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார். நாலும் புத்தம் புதியவை. முனை மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தது.

"குளிர்ல ஸ்டார்ட் பண்ணினா எஞ்சின் பெட்ரோலை அள்ளிக் குடிக்கும். சூடேற விடாம அணைச்சா எரியாத பெட்ரோல் பிளக்குல தங்கிடும். அப்புறம் பொறி எப்படி ஒழுங்கா வரும்?"

பிளக்குகளைத் துடைத்து, காயவைத்து, திரும்ப மாட்டினார். நஞ்சுண்டனை ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். கறுப்பாய்ப் புகை வந்தது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சீராக ஓடியது.

"அப்பாடா" என்றார் நஞ்சுண்டன். "மேட்டுப்பாளையம் சவாரி காத்துக்கிட்டிருக்கு. வர்றேன் குரு."

போஜன் காரின் கதவைப் பிடித்துக்கொண்டான். "என்னைத் திருடன்னு சொன்னீங்களே?"

"ஏதோ கோவத்துல வந்துடுச்சு. விடு போஜா. அதையெல்லாமா ஞாபகம் வச்சுக்கிட்டிருப்பாங்க?"

குருவின் முகம் சிவந்தது. எஞ்சினை அணைத்தார். பானட்டைத் திறந்தார். நாலாவது பிளக்கைக் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்ன குரு இது?"

"திருட்டு."

"சவாரி காத்துக்கிட்டிருக்கு..."

"காத்துக்கிட்டிருக்கட்டும். ஸ்டாண்டுக்கு நடந்து போ. சூசை என் பிளக்கைத் திருடிட்டான்னு சொல்லு. காலையில போஜன் பேரைச் சொன்னது பொய்னும் சொல்லு. வந்து பிளக்கை வாங்கிக்க."

நஞ்சுண்டன் தலையைச் சொறிந்தார். போஜன் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கப்பா" என்று முனகினார்.

"இங்கயா கத்தினே?" என்றார் குரு. "கத்தின இடத்துல போய்ச் சொல்லு."

நஞ்சுண்டன் குருவின் சட்டைப் பையைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போகும் மேட்டில் ஏறினார்.

அவர் வளைவில் மறையும்வரை போஜன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கோபம் இன்னும் தணியவில்லை. ஆனால் இப்போது வேறு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது.

"குரு, இனி உங்களை இல்ல திருடன்னு பேசுவாங்க?"

"நான் எடுத்தேன், பேசட்டும். எடுக்காதவன் தலையில அது எதுக்கு?"