நூலில்லாத தூண்டில்

ஆறுமுகநயினாருக்கு அறுபத்தோராவது வயதில் ஒரு குரு கிடைத்தார். குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் ஆவுடைத்தாய். பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுவாள். காலையில் மட்டும் இரண்டு மணி நேரம் மேலக்குளத்துக் கரையில் தூண்டில் போடுவாள். அந்தக் கரையில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவள் அதிகம் பேசுவதும் கிடையாது.

நயினார் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக முப்பது வருஷம் ஓட்டியவர். தான் ஏறியதும் எவன் முகம் ஜன்னல் பக்கம் திரும்புகிறதோ அவனிடம் டிக்கெட் இருக்காது என்பது அவர் சொந்தமாகக் கண்ட ஞானம். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் பரிசோதிக்க ஒன்றும் அகப்படவில்லை. அடுப்படியில் பரிசோதிக்கப் போய் மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு குளத்துக்கு வந்து சேர்ந்தார்.

முதல் நாள் ஆவுடைத்தாயின் முழங்கையை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து, "எத்தனை சிக்குச்சு தாயி?" என்று பஸ்ஸில் கத்துகிற குரலில் கேட்டார். அவள் எழுந்து பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். இவரும் பின்னாலேயே போனார். அவள் மறுபடி தள்ளிப் போனாள். மூன்றாவது தடவைதான் நயினாருக்கு உறைத்தது.

அன்று வீட்டுக்குப் போய் ஒரு நோட்டில் எழுதினார்: 'பக்கத்து ஆளுக்கும் நமக்கும் இரண்டு கம்பு தூரம். சத்தம் ஆகாது. அடுத்தவர் வாளியை எட்டிப் பார்க்கக் கூடாது.'

நோட்டு வளர்ந்தது. பக்கத்து ஆளுக்கு மீன் இழுக்கும்போது நம் தூண்டிலை மேலே தூக்கிவிட வேண்டும். அறுந்த நூலைக் கரையில் போட்டால் கொக்கின் காலைச் சுற்றும். மீனைத் தொடுமுன் கையை நனைக்க வேண்டும், உலர்ந்த கை அதன் வழவழப்பை உரித்துவிடும். ஒவ்வொன்றையும் தப்பாகச் செய்த பிறகே நயினார் கற்றுக்கொண்டார். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"தாயி, இந்தக் கரைச் சட்டத்தை எல்லாம் ஒரே தாளில எழுதித் தந்தா என்ன? நான் மனப்பாடம் பண்ணிக்கிடுவேன்."

"எழுதுத அளவுக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

"அப்ப எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

இன்னொரு விஷயமும் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. ஆவுடைத்தாய் தினமும் இரண்டு மூங்கில் கம்பு கொண்டுவருவாள். ஒன்றால் மீன் பிடிப்பாள். மற்றது மரத்தில் சாய்ந்தே கிடக்கும். அதில் நூல் இல்லை, முள் இல்லை. பிடி மட்டும் கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது.

"அது எந்த மீனுக்கு தாயி?"

"மீன் பிடிக்க இல்ல."

"பெறகு எதுக்கு?"

அவள் முள்ளில் மண்புழுவைக் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்ததும் தூண்டிலை வீசினாள்.

எட்டு மாதம் போயிற்று. நயினாருக்குக் கெண்டை கிடைத்தது, கெளுத்தி கிடைத்தது. விரால் மட்டும் கிடைக்கவே இல்லை. கரையில் அவருக்குக் 'கெண்டை இன்ஸ்பெக்டர்' என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் சிரித்துக்கொள்வார். உள்ளுக்குள் எரியும்.

ஒருநாள் காலையில் முதல் ஆளாகக் கரைக்கு வந்தார். அல்லி இலைகளுக்கு நடுவே தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் சிவப்பாகக் கொப்பளித்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் செந்நிறக் குஞ்சுகள், ஆயிரம் இருக்கும். ஒன்றாக மேலே வந்து மூச்சு வாங்கி ஒன்றாகக் கீழே போயின.

இதை அவர் போனில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தார். சிவப்புத் திட்டைக் கண்டால் விடாதே, அடியில் பெரிய விரால் நிற்கும், தவளையை நடுவில் போடு, கட்டாயம் அடிக்கும் என்று அதில் ஒருவன் சொல்லியிருந்தான். நயினாரிடம் முள் வைத்த ரப்பர் தவளை இருந்தது. போட்டார். அடித்தது.

ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. கையை நனைத்துக்கொண்டு, உதடு கிழியாமல் முள்ளை எடுத்தார். வாளியில் தண்ணீர் மொண்டு மீனை விட்டு, துண்டால் மூடிக் கட்டி, மொபெட்டில் வீட்டுக்குப் பறந்தார்.

"மசாலா அரைக்கட்டுமா?" என்றாள் மனைவி.

"அரை. ஆனா இப்ப அறுக்கக் கூடாது. மொதல்ல என் குரு பாக்கணும்."

குரு பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்ற ஆசை அவருக்குப் பசியைவிடப் பெரிதாக இருந்தது. எட்டு மணிக்கு வாளியோடு திரும்பவும் குளத்துக்கு வந்தார்.

ஆவுடைத்தாய் கரையில் இல்லை. இடுப்பளவு தண்ணீரில், அல்லி இலைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்த நூலில்லாத கம்பு. பட்ட மரத்தில் நான்கு நீர்க்காகங்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்று இறங்கிற்று. அவள் கம்பால் தண்ணீரை ஓங்கி அடித்தாள். அது எழும்பிப் போயிற்று.

"என்ன தாயி, தண்ணிக்குள்ள நிக்குத?"

"குஞ்சு கெடக்கு அண்ணாச்சி. தாயைக் காணல. நேத்து இருந்துச்சு."

நயினார் வாளியைக் காலுக்குப் பின்னால் தள்ளினார்.

"தாய் இல்லாட்டா?"

"சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு மிஞ்சாது. மேல காக்கா, கீழ கெளுத்தி."

"எம்புட்டு நேரமா நிக்குத?"

"ஆறரைக்கு வந்தேன்."

நயினார் கரையில் நின்றார். அவர் பிடித்ததை யாரும் பார்க்கவில்லை. வாளி மூடிக் கிடக்கிறது. மொபெட்டைத் திருப்பினால் மத்தியானம் விரால் குழம்பு. சொன்னாலோ, இந்தக் கரையில் இனி யார் அவருக்கு இரண்டு கம்பு தூரத்தில் இடம் விடுவார்கள்? போன வருஷம் குளத்தில் மருந்து கலந்து மீன் பிடித்த ஒருவனுக்கு இன்றுவரை இங்கே யாரும் முகம் கொடுப்பதில்லை. வீட்டில் வேலையில்லை, ஊரில் சிநேகமில்லை. இந்தக் கரை ஒன்றுதான் அவருக்கு இருந்தது.

வாளிக்குள் மீன் டமாரென்று அடித்தது. ஆவுடைத்தாய் திரும்பவில்லை.

தன் முகம் மெல்ல ரோட்டுப் பக்கம் திரும்புவதை நயினார் அப்போதுதான் உணர்ந்தார். முப்பது வருஷமாக அவர் பார்த்த முகம் அது. இப்போது அவர் கழுத்தின் மேல் இருந்தது.

"தாயி" என்றார். அவள் காகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கூப்பிட்டார். "தாயி, அந்த மீன் என்கிட்டதான் இருக்கு. நான்தான் பிடிச்சேன்."

"உயிர் இருக்கா?"

"இருக்கு."

"கொண்டாங்க."

வேட்டியோடு தண்ணீரில் இறங்கினார். சேறு காலை உள்ளே இழுத்தது. ஆவுடைத்தாய் துண்டை அவிழ்த்துப் பார்த்தாள். மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"கையை நனைச்சுக்கிட்டா எடுத்தீங்க?"

"ஆமா."

"அப்ப நீங்களே விடுங்க."

நயினார் மீனை இரண்டு கையிலும் ஏந்தித் தண்ணீருக்குள் இறக்கினார். கையை எடுத்ததும் அது வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்தது. மறுபடி பிடித்து நிமிர்த்தினார்.

"செத்துப்போச்சா தாயி?"

"பிடிச்சுக்கிட்டே நில்லுங்க. அது போவும்போது போவும்."

நின்றார். வெயில் ஏறியது. நீர்க்காகங்கள் மரத்திலேயே இருந்தன. வாழ்க்கையில் எந்தச் சாமியிடமும் அவர் இவ்வளவு பணிவாக நின்றதில்லை. கால் மணி நேரம் போயிருக்கும். உள்ளங்கையில் செவுள் ஒருமுறை விரிந்தது. இன்னொரு முறை விரிந்தது. பிறகு வாலால் அவர் மணிக்கட்டில் ஓர் அறை விட்டுவிட்டு மீன் இலைகளுக்கு அடியில் மறைந்தது.

"சேந்துக்கிடுமா?"

ஆவுடைத்தாய் கம்பைத் தண்ணீரிலிருந்து தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள். சிவப்புத் திட்டு மேலே வந்து கொப்பளித்தது. பட்ட மரத்திலிருந்து ஒரு நீர்க்காகம் நேரே அதன் மேல் இறங்கியது. அவள் அடிக்கவில்லை. நயினார் ஐயோ என்று வாயைத் திறந்தார்.

தண்ணீர் அடியிலிருந்து வெடித்தது. நீர்க்காகம் அலறிக்கொண்டு இறகு உதிர எழும்பிற்று. மற்ற மூன்றும் அதன் பின்னாலேயே பறந்து போய்விட்டன.

நயினார் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணிலும் தண்ணீர் நிற்கவில்லை. தட்டுத்தடுமாறிக் கரையேறி ஈர வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்தார். ஒன்றரைக் கிலோ போனதில் அவருக்கு அவ்வளவு நிம்மதி.

ஆவுடைத்தாயும் கரையேறி வந்ததும் கேட்டார்.

"எனக்கு என்ன தண்டனை தாயி?"

ஆவுடைத்தாய் நூலில்லாத கம்பை அவர் கையில் கொடுத்தாள்.

"குஞ்சு பெருசாகிக் கலைய இன்னும் பத்துப் பன்னெண்டு நாள் ஆகும். காலையில வந்து பாத்துக்கிடுங்க. தாய் அசந்த நேரத்தில காக்கா எறங்குனா ஒரு அடி. மத்ததை அது பாத்துக்கிடும்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"நாளைக்கும் நான் இங்க உக்காரலாமா?"

"ரெண்டு கம்பு தள்ளி உக்காருங்க."

நயினார் கம்பின் கறுத்த பிடியைத் தடவிப் பார்த்தார். அவர் விரல்கள் பழைய தடங்களில் போய் உட்கார்ந்தன.

"பஸ்ஸுல ஒரு டிக்கெட்டுக்கு நான் எத்தனை பேரை ஏசியிருக்கேன் தெரியுமா? நீ என்னைய ஒரு வார்த்த ஏசலியே, ஏன் தாயி?"

ஆவுடைத்தாய் சேலையைப் பிழிந்து உதறினாள். பீடி சுற்றப் போகிற நேரம். தன் தூண்டிலை எடுத்துக்கொண்டு இரண்டடி நடந்தவள் நின்றாள்.

"அந்தக் கம்பை இந்தக் கரையில உள்ளவங்க என் கையில குடுத்துப் பதினாறு வருஷமாச்சு" என்றாள். "நீங்க உயிரோட கொண்டாந்துட்டீங்க. நான் பிடிச்ச தாயை அன்னைக்கே கொழம்பு வச்சுட்டேன் அண்ணாச்சி."