மத்தியானத் தூக்கம் தாங்காத தத்துவம்

கல்லூரி விடுதியில் சமைக்கிற மாரிக்கண்ணு, அடுப்புக்கு மேலே முருகன் படம் மாட்டியிருந்தாள். புதிதாக வந்த வார்டன், தத்துவப் பேராசிரியர் ஞானசுந்தரத்துக்கு அது பிடிக்கவில்லை.

“‘சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’னு பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட் சொல்லிட்டார். நான் இருக்கச் சிந்தனை போதும், சாமி எதுக்கு? நாளைக்குள்ள பதில் சொல்லு, இல்லேன்னா படத்தைக் கழட்டு!”

மறுநாள் வயிறு முட்டச் சாப்பிட்டவர், பாயசம் வருவதற்குள் நாற்காலியிலேயே குறட்டை விட்டார். விழித்தபோது அண்டா காலி.

“எனக்கெங்கே?”

“தூக்கத்துல நீங்க சிந்திக்கலையே சார். அதான் நீங்க இல்லைன்னு பிள்ளைங்களுக்கு ஊத்திட்டேன்.”

“இங்கேதானேம்மா இருந்தேன்!”

“சிந்திக்காதப்பவும் உங்களை இருக்க வச்சவரைத்தான் மாட்டியிருக்கேன். உங்க டேக்கார்ட் ஒரு மத்தியானத் தூக்கத்துக்கே தாங்கலையே!”

வார்டன் அண்டாவை எட்டிப் பார்த்தார். “ஒரு டம்ளர்கூட மிச்சமில்லையா?” என்றார்.

“முருகனுக்குப் படைச்சதுதான் இருக்கு.”

வழித்துக் குடித்தார்.