வாழைப்பழத்தைத் தொட்டால் பாடம்

வெள்ளப் பாடத்தை ஒரு குட்டிகூடத் திறக்கவில்லை. அந்தப் பாடச் செயலியைக் கட்டியவன் நான். கிழட்டுக் கடுவன் குரங்கு. ஆற்றங்கரை நாவல் மரத்தில் இருக்கிறேன்.

காட்டில் வளைக்கொரு போன் வந்துவிட்ட காலம். எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கதை நீளும்.

ஆறு பெருகினால் தரையில் எந்த வழியாகப் பாறைமேட்டுக்கு ஓடுவது? தரைவழி தெரிந்த ஒரு மானைக் கேட்டுப் பாடமாக்கினேன். திறந்ததும் பெயர் கேட்டேன். அப்புறம் முகத்தைப் படம் பிடிக்கச் சொன்னேன். பிறகு ஒரு வாழைப்பழம், ஒரு இலை. பழத்தைத் தொட்டால் பாடம். இலையைத் தொட்டால் வெளியே. பழம் தின்பதற்கு, இலை எறிவதற்கு. இதில் என்ன குழப்பம்?

எங்கள் குரங்குகளிடமே கொடுத்துப் பார்த்தேன்.

"பிரமாதம், பெரியப்பா! கண்ணை மூடிட்டுப் போகலாம்!" என்றான் தம்பி மகன்.

நானும் நம்பி, கரையிலுள்ள வளைகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் ஒரு முயல் மரத்தடிக்கு வந்தாள்.

"மாமா! உங்க பாடம் என் குட்டிங்களை வெளியே துரத்துது!"

"பழத்தைத் தொடச் சொல்லு!"

"பழத்தை எவ தின்னா? எங்களுக்கு இலைதான் சோறு! இலையைத் தொட்டா வெளியே போகுது. மறுபடி பேரு, மறுபடி படம்!"

"ஒரு தடவை சொல்லிக் கொடு. முடிஞ்சுது!"

"கரையில நாற்பது வளை இருக்கு. வளைக்கு வளை வந்து கத்துவீங்களா? நான் மேயப் போன நேரம் தண்ணி வந்தா, என் குட்டி மூணும் தனியாத்தானே கிடக்கும்?"

மரத்தை விட்டு இறங்கினேன். முழங்கால் வலி வேறு.

வளை வாசலில் என்னை உட்கார வைத்தாள். "வாயைத் திறக்கக் கூடாது!" என்றாள்.

கடைக்குட்டி போனைத் திறந்தது. பெயர். படம். இலை. வெளியே. மறுபடி பெயர், படம், இலை, வெளியே. நாலாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை.

"அட மக்கு, பழத்தை..."

முயல் என் வாலைக் கடித்தாள்.

ஏழாவது தடவை குட்டி அழுதேவிட்டது. அப்போதுதான் உறைத்தது. மக்கு நான்தான்.

"சரி, என்ன செய்யணும்? சொல்லு."

"திறந்ததும் ஒரே ஒரு ஆத்துப் படம் போதும், மாமா. தொட்டா வழி தெரியணும். பேரையும் முகத்தையும் மேட்டுக்குப் போனப்புறம் கேளுங்க!"

அன்றே மாற்றினேன்.

மூன்றாம் நாள் மதியம் ஆறு பொங்கியது. முயல் தொலைவில் மேய்ந்துகொண்டிருந்தாள். ஓடி வந்து பார்த்தால் வளைக்குள் தண்ணீர்! கதறிக்கொண்டே பாறைமேட்டுக்கு ஏறினாள்.

கரையிலிருந்த அத்தனை வளைக் குட்டிகளும் அங்கே இருந்தன. நடுவில் அவளுடைய மூன்றும்.

"அம்மா!" என்றது கடைக்குட்டி, போனை நீட்டி. "இப்பத்தான் பேரு கேக்குது! சொல்லட்டுமா?"

காடே என்னைப் புகழ்ந்தது. நானும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தம்பி மகன் மட்டும், "பழம் இருந்தப்ப இன்னும் நல்லா இருந்துச்சு, பெரியப்பா" என்றான்.

பாடத்துக்கு வழி போடுகிறவன், அதில் நடக்கப் போகிறவர் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்தக் கிழவனை அப்படி உட்கார வைத்தவள் முயல் பூவாத்தா.