மெஷினுக்கு எண்ணெய் மாற்றிய சனிக்கிழமை

கடல் தாண்டிப் போனவனெல்லாம் கெட்டிக்காரன் என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு உண்டு. விமானத்தில் ஏறுவதற்கு டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும்தான் கேட்கிறார்கள், வேறெதையும் சோதிப்பதில்லை. அப்படித்தான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மூன்று பேர் கனடா போய்ச் சேர்ந்தார்கள்.

மூத்தவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. எதையும் நாலு தடவை நிதானமாகப் படித்துவிட்டு ஐந்தாவது தடவை தப்பாகப் புரிந்துகொள்பவர். அடுத்தவன் கோமதிநாயகம். யார் எதைச் சொன்னாலும் ஒரு சந்தேகம் கேட்காமல் விடமாட்டான். மூன்றாவது ஆள் நாறும்பூநாதன். இந்தக் கதை அவன் கல்யாணத்தைப் பற்றியது, அதாவது எண்ணெயைப் பற்றியது.

மூவருக்கும் ஒரே கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. சிவபாதம் என்கிற யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். சிவபாதம் நல்ல மனிதர். வந்த புதிதில் சமையலறைக் கூரையில் இருந்த புகை மணியைக் காட்டி, “இது அடிச்சா எல்லாத்தையும் விட்டிட்டு வெளியில ஓடுங்கோ. அது நிக்கும்வரைக்கும் உள்ளுக்கு வரக்கூடாது” என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து சாம்பாருக்குத் தாளிக்கும்போதெல்லாம் மணி அடிக்கும். மூவரும் போய் வாசலில் நிற்பார்கள். உள்ளே கடுகு கருகிக்கொண்டிருக்கும். இரண்டு வருஷமாக அவர்கள் கருகாத சாம்பார் சாப்பிட்டதில்லை.

அதனால் தங்கை மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போகும்போது சிவபாதம் எதையும் வாயால் சொல்லவில்லை. பனி தள்ளும் மெஷினுக்கு எண்ணெய் மாற்றுவது எப்படி என்று ஒரு தாளில் தெளிவாக எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். விமானத்தில் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார், பாவம்.

நாறும்பூவுக்கு வயது முப்பத்தாறு. இதுவரை எட்டு இடத்தில் பெண் கேட்டு எட்டும் தட்டிப்போயிற்று. எல்லாரும் சொன்னது ஒரே பதில்தான்: பையனுக்கு வயசு கொஞ்சம் கூட. ஒன்பதாவதாக, இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு டவுனில் இருந்த குற்றாலிங்கம் என்பவர் தன் மகள் காந்திமதிக்காக மாப்பிள்ளை பார்க்க வருவதாக வெள்ளிக்கிழமை காலையில் ஃபோன் செய்தார். வயசைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நாறும்பூவுக்கு அதிலேயே கண் கலங்கிவிட்டது.

“தம்பி, நாளைக்குப் பதினோரு மணிக்கு வாறோம்” என்றார் குற்றாலிங்கம். “ஒரே ஒரு விஷயம். எனக்கு மூட்டு ஆபரேஷன் ஆயிருக்கு. பனியில ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கார் உங்க வீட்டுக் கதவு முன்னால வந்து நிக்கணும். காருக்கும் கதவுக்கும் நடுவுல பனி கெடந்தா நான் எறங்கவே மாட்டேன். அப்படியே திரும்பிருவேன்.”

நாறும்பூ ஃபோனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தான். கதவிலிருந்து ரோடு வரைக்கும் முழங்கால் உயரத்துக்குப் பனி. ஒன்பதாவது இடமும் போய்விட்டால் பத்தாவது என்று ஒன்று வரப்போவதில்லை.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தார். “மெஷினை ஓட்டுவதற்கு முன்னால் எண்ணெய் மாற்றவும். மெஷின் ஓடாவிட்டால் மட்டும் மண்வெட்டியை எடுக்கவும்.”

“இன்னைக்கே மாத்திருவோம் அண்ணாச்சி” என்று பறந்தான் நாறும்பூ.

“ஏடே, எண்ணெய் தேய்க்கிறதுக்கு நாள் கெழமை கெடையாதா?” என்றார் அண்ணாச்சி. “ஆம்பளைக்குப் புதன், சனி. பொம்பளைக்குச் செவ்வாய், வெள்ளி. இன்னைக்கு வெள்ளி. மொதல்ல இந்த மெஷின் ஆணா பொண்ணான்னு தெரியணும்.”

மூவரும் கராஜுக்குப் போய் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

“நல்லா செவப்பா இருக்கு. பொண்ணுதான்” என்றான் நாறும்பூ. அவனுக்கு அவன் அவசரம்.

“எனக்கு ஒரு சந்தேகம்” என்றான் கோமதிநாயகம். “பொம்பளப் பிள்ளையா இருந்தா சிவபாதம் ஐயா ராத்திரியில இப்படித் தனியா கராஜுல விட்டிருப்பாரா?”

மெஷின் ஆண் என்று முடிவாயிற்று. எண்ணெய் மாற்றுவது சனிக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று.

வெள்ளிக்கிழமையை வீணாக்காமல் எந்த எண்ணெய் என்று பேசி முடித்துவிடலாம் என்றார் அண்ணாச்சி. தாளில், “குளிரில் உறையாத எண்ணெய் போடவும். கராஜில் வைத்திருக்கிறேன்” என்று இருந்தது. கராஜின் மேல்தட்டில் நாலு டப்பா புத்தம் புதிதாக இருந்தன. டப்பாவில் ஐந்து என்று ஒரு எண், ஒரு கோடு, பிறகு முப்பது என்று ஒரு எண்.

அண்ணாச்சி டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அஞ்சு வயசுலேருந்து முப்பது வயசு வரைக்கும் போடலாம்னு போட்டிருக்கான்” என்றார். “இந்த மெஷினுக்கு என்ன வயசு?”

“கனடா வந்த வருஷமே வாங்குனேன்னு ஐயா சொன்னாரு. முப்பத்திரெண்டு ஆவுது” என்றான் கோமதிநாயகம்.

“அப்பம் இது சேராது.”

நாறும்பூவுக்குச் சுருக்கென்றது. “முப்பது தாண்டினா எண்ணெய்கூடக் கெடையாதா அண்ணாச்சி? அது என்ன பாவம் பண்ணிச்சு?” என்று கேட்டான். அண்ணாச்சி அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாரே தவிர டப்பாவைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார்.

அடுத்து சமையலறை அலமாரியைத் திறந்தார்கள். தேங்காய் எண்ணெயை ஜன்னலுக்கு வெளியே வைத்துப் பார்த்தார்கள். சிறிது நேரத்திலேயே கல்லாகிவிட்டது. அதைத் தள்ளினார்கள். நல்லெண்ணெய் மூன்று பாட்டில் இருந்தது.

“நல்லெண்ணெய் ஒடம்புக்குக் குளிர்ச்சி” என்றான் கோமதிநாயகம். “ஏற்கெனவே குளிர்ல கெடக்குத மெஷின். ஜன்னி கண்டுறாதா?”

“அதுக்குத்தான் மிளகும் பூண்டும் போட்டுக் காய்ச்சணும்” என்றார் அண்ணாச்சி. அவர் சும்மா அண்ணாச்சி ஆகவில்லை.

காய்ச்சும்போது புகை மணி அடித்தது. மூவரும் வெளியே ஓடிப் பனியில் நின்றுவிட்டு வந்தார்கள். பூண்டு கருகியிருந்தது, ஆனால் வாசனை நன்றாக இருந்தது.

சனிக்கிழமை பொழுது விடிந்ததும் வேலை ஆரம்பித்தது. “மெஷினைச் சமமான தரையில் நிறுத்தவும்” என்றது தாள். அண்ணாச்சி ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, வீட்டில் ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தார். கராஜ் சரிவு. ஹாலில் கார்ப்பெட் மேடு பள்ளம். தண்ணீர் சிந்தாமல் நின்றது சமையலறையில்தான். ஆகவே முப்பத்திரெண்டு வயது மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் நிறுத்தினார்கள்.

“மெஷின் சூடாக இருக்கும்போது பழைய எண்ணெயை வடிக்கவும்” என்றது அடுத்த வரி. அண்ணாச்சி அதன் நெற்றியில், அதாவது நெற்றி போலத் தெரிந்த இடத்தில், கை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தார்கள். அப்படியும் சூடேறவில்லை. பெண் வீட்டார் வரும்போது போட வாங்கிய புதுக் கோட்டைக் கொண்டுவந்து நாறும்பூ அதற்குப் போர்த்திவிட்டான். தன் கல்யாணத்துக்காக அவன் எதையும் செய்வான். பத்து மணி சுமாருக்கு அண்ணாச்சி, “லேசா சூடு தட்டுது” என்றார். அடியில் இருந்த திருகாணியை ஸ்பேனரால் கழற்றிப் பழைய எண்ணெயைச் சாம்பார்க் குண்டானில் பிடித்துக்கொண்டார்கள். கோட்டிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டது.

திருகாணியை மறுபடி மாட்டி, காய்ச்சிய நல்லெண்ணெயில் ஒரு பாட்டிலை ஊற்றினார்கள். பிறகு கடைசி வரியைப் படித்தார் அண்ணாச்சி: “எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி, துணியால் நன்றாகத் துடைத்து, எண்ணெய் எதுவரை இருக்கிறது என்று பார்க்கவும். குறைந்தால் ஊற்றவும்.”

துடைத்த பிறகு கம்பியைத் திரும்ப உள்ளே விட வேண்டும் என்பதை சிவபாதம் எழுதவில்லை. யாராவது எழுதுவார்களா?

கோமதிநாயகம் கம்பியை உருவினான். நன்றாகத் துடைத்தான். பார்த்தான். “ஒரு சொட்டு இல்லே அண்ணாச்சி.”

இரண்டாவது பாட்டில் இறங்கியது. உருவினான், துடைத்தான், பார்த்தான். பளபளவென்று இருந்தது. மூன்றாவது பாட்டிலும் இறங்கியது. கம்பி காய்ந்தே இருந்தது.

“பாவம், எத்தனை வருஷத்துப் பசியோ” என்றார் அண்ணாச்சி. “வயசாவது ஒண்ணாவது. அந்தப் புது டப்பாவையும் எடுத்துட்டு வா.”

முப்பதுக்கு மேலே ஆகாது என்று ஒதுக்கிய டப்பா, முப்பத்திரெண்டுக்குள் கடகடவென்று இறங்குவதைப் பார்த்தபோது நாறும்பூவுக்கு உடம்பெல்லாம் ஒரு தெம்பு வந்தது. இரண்டாவது டப்பாவை அவனே கையால் ஊற்றினான். எண்ணெய் வாய் வழியே பொங்கி, சமையலறைத் தரையில் ஓடி, அவன் காலை நனைத்தது.

“எனக்கு ஒரு சந்தேகம்” என்றான் கோமதிநாயகம். “நெறஞ்சு வழியுதே?”

அண்ணாச்சி தாளை இன்னொரு முறை படித்தார். “கம்பியைத்தான் பாக்கச் சொல்லியிருக்கு. தரையைப் பாக்கச் சொல்லல.”

நாலு டப்பாவும் தீர்ந்தது. வீட்டில் வேறு எண்ணெய் இல்லை. மணி பத்தே முக்கால். இதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று நாறும்பூ கயிற்றைப் பிடித்து இழுத்தான். ஏழாவது இழுப்பில் மெஷின் இருமியது, உறுமியது, பிறகு ஊர்வலத்து வெடியைப்போல ஓட ஆரம்பித்தது. மிளகு வாசனையோடு நீலப் புகை எழும்பி ஃபிரிட்ஜை மறைத்தது. மேலே மணி வீறிட்டது. மூவரும் போட்டது போட்டபடி வெளியே ஓடினார்கள்.

வாசலில் நாறும்பூ வேட்டியும் ஸ்வெட்டருமாக நடுங்கிக்கொண்டு நின்றான். உள்ளே போக முடியாது, மணி நிற்கவில்லை. சுவரில் பனி அள்ளும் மண்வெட்டி சாய்ந்திருந்தது. அவன் அதன்மேல் கை வைத்தான்.

“ஏடே!” என்று அதட்டினார் அண்ணாச்சி. “மெஷின் ஓடலைன்னாத்தான் மண்வெட்டியை எடுக்கணும்னு எழுதியிருக்கு. மெஷின் நின்னு போச்சா?”

மூவரும் காது கொடுத்துக் கேட்டார்கள். வீட்டுக்குள் மெஷின் பிரமாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

நாறும்பூ மண்வெட்டியை வைத்துவிட்டு அழுதேவிட்டான். “எல்லாம் போச்சு அண்ணாச்சி. ஒன்பதாவதும் போச்சு. கார் கதவுகிட்ட வராது.”

“எனக்கு ஒரு சந்தேகம்” என்றான் கோமதிநாயகம். “கார் கதவுகிட்ட வரணும்னா சொன்னாரு, இல்லே கதவு முன்னால நிக்கணும்னா?”

“கதவு முன்னால நிக்கணும்னுதான்.”

“அப்பம் கதவு எங்க இருந்தா என்ன?”

அண்ணாச்சி கோமதிநாயகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரால் கீல் ஆணிகளைத் தட்டி எடுத்து, வாசல் கதவைக் கழற்றி, மூவருமாகத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முழங்கால் பனியில் ரோட்டுக்கு நடந்தார்கள். பனி முடிந்து ரோடு ஆரம்பிக்கும் இடத்தில் கதவை நிறுத்தினார்கள். கீல் பக்கத்தை அண்ணாச்சி அசையாமல் பிடித்துக்கொண்டார். பூட்டுப் பக்கம் கோமதிநாயகம். மிதியடியைக் கதவுக்கு முன்னால் விரித்துவிட்டு, நாறும்பூ கதவுக்குப் பின்னால் போய் மாப்பிள்ளையாக நின்றான்.

சரியாகப் பதினோரு மணிக்குக் கார் வந்தது. காந்திமதிதான் ஓட்டி வந்தாள். கதவுக்கு எதிரில் கொண்டுவந்து நிறுத்தினாள். குற்றாலிங்கம் கார் ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் கீழே பார்த்தார். கார். மிதியடி. கதவு. நடுவில் பனி இல்லை.

“சொன்னா சொன்னபடி நடக்குத ஆளுங்க” என்று மகளிடம் சொல்லிவிட்டு இறங்கினார். கதவைத் தட்டினார்.

“யாரு?” என்று நாறும்பூ உள்ளேயிருந்து கேட்டான்.

“குற்றாலிங்கம் வந்திருக்கேன் மாப்ளே.”

கதவு திறந்தது. அப்பாவும் மகளும் மிதியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார்கள். முழங்கால் வரை பனியில் இறங்கியது. குற்றாலிங்கம் நிதானமாக நாலு பக்கமும் பார்த்தார். மேலே வானம், சுற்றிலும் மரங்கள், தூரத்தில் நீலப் புகை விடும் ஒரு வீடு.

“எடம் நல்ல விசாலமாத்தான் இருக்கு” என்றார். கைகளைத் தேய்த்துக்கொண்டார். “ஆனா உள்ள கொஞ்சம் குளிருதே தம்பி. ஹீட்டர் போடலியா?”

நாறும்பூ அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தான்.

அப்போதுதான் காந்திமதி முதல்முறையாக வாயைத் திறந்தாள். “நல்லா கேட்டீங்கப்பா. இப்படிக் கதவைத் தொறந்து போட்டிருந்தா குளிராம என்ன செய்யும்?”

பெண் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று நாறும்பூவுக்கு அந்தக் கணமே மனசில் பட்டுவிட்டது. அவன் கண் காட்டினான். கோமதிநாயகம் கதவை மெதுவாகச் சாத்தினான்.

“ஆங், இப்பம் பரவாயில்ல” என்றார் குற்றாலிங்கம், ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே.