நரி வாலும் பல்லி வாலும்

கோட்டைமலைச் சீமையை ஆண்ட ராஜா வீரபூபதிக்கு வேட்டை என்றால் உயிர். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம். இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை.

மாசி பிறந்தால் காட்டில் வேட்டைப் போட்டி. நரி, முயல், காட்டுப்பூனை, மரநாய் என்று எது கண்ணில் பட்டாலும் அடிக்கலாம். முன்பெல்லாம் செத்ததை அப்படியே சபையில் கொண்டுவந்து குவித்தார்கள். அந்த வாடை தாங்காமல் ராஜா ஒருதரம் சிம்மாசனத்திலேயே வாந்தி எடுத்தார். அதிலிருந்து, வாலை மட்டும் அறுத்துக் கழுவிக் கொண்டுவந்தால் போதும் என்று உத்தரவு. யாரிடம் வால் அதிகமோ அவருக்குப் பொன்காப்பு. மீதி உடம்பு காட்டிலேயே கிடந்து நாறும். தின்னவும் மாட்டார்கள், தோலை உரிக்கவும் மாட்டார்கள்.

வருஷா வருஷம் காப்பு வாங்குகிறவர் படைத்தலைவர், தளவாய் செண்பகராயர். கையில் காப்பு சேர்ந்து சேர்ந்து, சாப்பிடும்போது குழம்பில் முங்கும்.

மந்திரி ஆவுடையப்பனுக்கு இந்தத் தளவாயைக் கண்டாலே ஆகாது. மந்திரியின் வயல் காட்டை ஒட்டி இருந்தது. நரியும் காட்டுப்பூனையும் ஒழிந்ததும் எலிகள் சம்பந்தி வீட்டார் மாதிரி வந்து உட்கார்ந்து தின்றன. காட்டோரம் வயல் வைத்திருந்த குடியானவர் எல்லாருக்கும் இதே கதி. போதாததற்கு, ராஜகுமாரி கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு வடை வராமல் தடுத்தவர் தளவாய்தான் என்று ஆவுடையப்பனுக்கு உறுதியான தகவல். நெல் போனதைக்கூட அவர் மறந்திருப்பார். வடையை மறக்கிற ஆள் இல்லை.

அந்த வருஷம் போட்டிக்குப் பறை அறையும் முன் அவர் சபையில் எழுந்தார்.

“மகாராஜா, இந்தப் போட்டியைச் சட்டம் போட்டு நிறுத்துங்கள்.”

“வில்லைப் பிடிக்கத் தெரியாத உமக்கு வேட்டையைப் பற்றி என்ன பேச்சு வே?” என்றார் தளவாய்.

“வில் தெரியாதுதான். எலி தெரியும். வீட்டில் எங்களைவிட அதுதான் நன்றாகச் சாப்பிடுகிறது.”

ராஜாவுக்கு அன்றைக்குக் குறும்பு தலைக்கேறி இருந்தது. “சரி, இந்தத் தடவை நீரும் இறங்கும். ஜெயித்தால் நீர் சொல்கிறபடி சட்டம். தோற்றால் அந்த மீசையை மழித்துவிட்டு, தளவாய் வீட்டு நாய்களுக்கு ஆயுசுக்கும் கஞ்சி ஊற்றும்.”

சபை விழுந்து விழுந்து சிரித்தது.

“சூடாக ஊற்றினால் என் நாய்களுக்குப் பிடிக்காது. ஆற வைத்து ஊற்றும்,” என்றார் தளவாய்.

ஆவுடையப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். “விதி பழைய விதிதானே மகாராஜா? வால்தானே கணக்கு?”

“வால்தான். வாலைத் தவிர எதுவும் என் மூக்குக்கு முன்னால் வரக்கூடாது.”

போட்டி நாள் விடிந்தது. தளவாய் நாயும் கொம்புமாகக் காட்டுக்குப் போனார். ஆவுடையப்பன் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அரண்மனை நெற்களஞ்சியத்துக்குள் நுழைந்தார்.

அங்கே பெருக்கிக்கொண்டிருந்தவள் பதறிப்போனாள். “ஐயா, பெருக்கத்தான் நான் இருக்கேனே!”

“நீ தரையைப் பாரு தாயி. எனக்குச் சுவரில் வேலை.”

பொழுது சாயும்போது சபை கூடியது. தளவாயின் ஆட்கள் மூங்கில் கழி நிறைய வால்களைக் கட்டித் தூக்கி வந்தார்கள். ஆவுடையப்பன் நெல் புடைக்கிற ஒரு பெரிய சுளகைத் துணியால் மூடிக் கொண்டுவந்தார்.

“என்ன வே, அப்பளமா?” என்றார் தளவாய்.

துணியை எடுத்தார் ஆவுடையப்பன். சுளகு நிறையச் சின்னச் சின்ன வால்கள். மேலே கிடந்தவை இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன. ஒன்று துள்ளி ராணியின் மடியில் விழ, ராணி துள்ளி ராஜாவின் மடியில் விழுந்தாள்.

“என்னய்யா இது!” என்று அலறினார் ராஜா.

“பல்லி வால், மகாராஜா. மேலே இருப்பவை வரும் வழியில் இந்த மண்டபத்துத் தூணில் கிடைத்தவை. அதுதான் ஆட்டம் அடங்கவில்லை.”

யாருடைய வால் அதிகம் என்று எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

“மோசடி!” என்று குதித்தார் தளவாய். “ஒரு பல்லிகூடச் சாகவில்லை. இது ஒரு வேட்டையா?”

“சாக வேண்டும் என்று உத்தரவில் எங்கே இருக்கிறது? கண்ணில் பட்டது எதுவானாலும் சரி என்றார்கள், பட்டது. வாலைக் கேட்டார்கள், கொடுத்தேன். சந்தேகம் இருந்தால் மேலே பாரும். ஆட்கள் வந்திருக்கிறார்கள்.”

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். உத்தரம் நெடுக மொட்டைப் பல்லிகள். அதில் ஒன்று பிடி தவறி, தளவாயின் தலைப்பாகையில் பொத்தென்று விழுந்தது.

அரண்மனை ஜோசியர் எழுந்தார். “தலையில் பல்லி விழுந்தால் கலகம் என்று சாஸ்திரம்...”

“வாயை மூடும்! இல்லாவிட்டால் பல்லை உடைப்பேன்!”

“பலித்துவிட்டது,” என்று ஜோசியர் உட்கார்ந்துவிட்டார்.

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து முகம் வாடிவிட்டது. “ஆவுடையப்பரே, ஜெயித்தவர் நீர்தான். ஆனால் பாட்டன் காலத்துப் போட்டிக்குப் பேரன் தடை போட்டான் என்று ஊர் சொல்லாதா? வேறு ஏதாவது கேளுமே.”

தன் வயலில் எலிகள் பந்திக்கு உட்கார்வது ஆவுடையப்பன் கண்முன்னால் வந்தது. “தடை என்ற சொல்லே வேண்டாம், மகாராஜா. போட்டி என்றைக்கும் உண்டு என்றே சட்டம் எழுதச் சொல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. போன போட்டியில் அறுத்த வாலெல்லாம் திரும்ப முளைத்த பிறகுதான் அடுத்த போட்டி.”

“அவ்வளவுதானா?” ராஜாவுக்கு உயிர் வந்தது. உடனே எழுதச் சொன்னார். முத்திரையும் விழுந்தது.

“இதெல்லாம் ஒரு நிபந்தனையா!” என்று மீசையை முறுக்கினார் தளவாய். “எப்போது முளைக்குமாம்?”

“என் பல்லிகளுக்கு ஆடி மாசத்துக்குள் முளைத்துவிடும் ஐயா,” என்றார் ஆவுடையப்பன். “உம்முடைய நரிகளைத்தான் நீர் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல வேண்டும்.”