செவத்தாயி பிடிச்ச விரால்

ஏரி பெருசா, ஊரு சின்னதா, ஒரு ஊரு இருந்துச்சாம். அங்க ஒச்சப்பன்னு ஒருத்தன், அவன் பொண்டாட்டி செவத்தாயி. தூண்டில் போடுறது அவ, மீனை வித்துட்டு வர்றது அவன். நல்லவந்தான், ஆனா வாய் சும்மா இருக்காது. ஒருநாள் சந்தையில நின்னுக்கிட்டு, "எம் பொண்டாட்டி கூப்பிட்டா மீனு கரைக்கு நடந்து வரும். அரண்மனைத் தூண்டில்காரன் அவகிட்ட பாடம் படிக்கணும்"னு அளந்து விட்டான்.

அந்த அரண்மனைத் தூண்டில்காரன் பேரு தாண்டவராயன். பொறாமை பிடிச்சவன். நேரா ராஜாகிட்ட போயி ஒண்ணுக்கு ரெண்டா வத்தி வச்சான். ராஜா அப்பத்தான் காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்சவரு, எதுக்கெடுத்தாலும் கோவம். ஒச்சப்பனைக் கட்டிப்போட்டு, "வைத்தியர் என்னை விரால் சாப்பிடச் சொல்லியிருக்காரு. பொழுது சாயறதுக்குள்ள உம் பொண்டாட்டியும் தாண்டவராயனும் ஆளுக்கொண்ணு கொண்டாரட்டும். அவ மீனு மட்டம்னா உன் தலை உனக்கில்ல"ன்னுட்டாரு.

சேதி கேட்ட செவத்தாயி தூண்டிலை எடுத்தா. ஏரிக்கு ஓடினா. பொழுது பனைமரத்துத் தலையில நிக்குது. மண்புழுவைக் கோத்துப் போட்டா, பொடிக்கெண்டை வந்து கொத்தித் தின்னுட்டுப் போயிருச்சு. பொழுது பனைமரத்து இடுப்புக்கு எறங்கிருச்சு. இறாலைக் கோத்துப் போட்டா, ஒண்ணும் அண்டல. தவளையைக் கோத்துக்கிட்டு தண்ணி ஓரமாப் போனா, அவ நெழலு தண்ணியில விழுந்துச்சு, அடியில கிடந்த விரால் விருட்டுனு ஓடிப்போச்சு. என்னைக்கும் செய்யாத தப்பு. பயத்துல செஞ்சுப்புட்டா. ம் கொட்டுங்க, தூங்கிப்புடாதீங்க.

அப்பப் பார்த்தா, அல்லிக்கொடிப் பக்கம் தண்ணி செவசெவன்னு கொதிக்கிற மாதிரி இருக்கு. விரால் குஞ்சுக்கூட்டம். அடியிலயே தாய் காவல் இருக்கும், பக்கத்துல எது விழுந்தாலும் பாய்ஞ்சு கடிக்கும். தவளையைப் போட்டா அடுத்த நிமிசம் மீனு கையில. ஆனா குஞ்சோட இருக்கற விராலை அந்த ஊருல யாரும் தொட மாட்டாங்க. தாய் போச்சுன்னா குஞ்சு அத்தனையும் கொக்குக்கு எரை.

"புருசன் தலை போகுதே, நான் என்ன பண்ணுவேன்"னு அழுதா. அழுதுக்கிட்டே தூண்டிலைக் கீழ வச்சுட்டா.

பின்னாடியே வந்த தாண்டவராயன் அந்தக் குஞ்சுக்கூட்டத்தைப் பார்த்துட்டான். "அய்யா, குஞ்சோட இருக்குதய்யா, விட்டுருங்க"ன்னு கெஞ்சுனா. "உம் புருசனுக்கு அழு, மீனுக்கு அழாத"ன்னு சொல்லி, குஞ்சுக்கு நடுவுல தவளையைப் போட்டு, தாயைத் தூக்கிக்கிட்டுப் போயே போயிட்டான்.

பொழுது பனைமரத்துக் காலடிக்கு வந்துருச்சு. செவத்தாயி கண்ணைத் தொடைச்சுக்கிட்டு உக்காந்து தண்ணியையே பார்த்தா. எந்த விராலா இருந்தாலும் மூச்சு வாங்க மேல வந்துதானே ஆகணும். நாணல் ஓரத்துல 'ப்ளுக்'னு ஒரு சத்தம். செத்த நேரம் கழிச்சு அதே எடத்துல இன்னொரு 'ப்ளுக்'. குஞ்சு இல்லாத ஒத்தை விரால். நெழலு கரையில விழுற மாதிரி சுத்திப்போயி, தவளையை மெல்ல எறக்கினா. கயிறு விர்ருனு போச்சு. இழுடி இழுடிங்குது மனசு. இப்ப இழுத்தா வாயில கவ்வுனதைத் துப்பிரும், முழுங்கட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா. பொழுது பாதி மறைஞ்சுபோச்சு. அப்புறந்தான் இழுத்தா. இழுத்தவ நிக்கவே இல்ல, அரண்மனைக்கு ஓட்டம், பொழுது முழுசா மறையறதுக்குள்ள போய்ச் சேந்துட்டா.

வைத்தியர் ரெண்டையும் அறுத்துப் பார்த்தாரு. செவத்தாயி மீனு கொழுகொழுன்னு இருக்கு. தாண்டவராயன் மீனு தலை மட்டுந்தான் பெருசு, வயிறு ஒட்டிப்போயி கிடக்கு.

"ஏன்டா இப்படி இருக்கு?"ன்னு ராஜா கேட்டாரு. தாண்டவராயன் மெல்லப் பின்னால நகந்தான்.

செவத்தாயிதான் சொன்னா. "குஞ்சைக் காத்துக்கிட்டு இருந்துச்சுங்க சாமி. அந்நேரம் அது சரியாத் தின்னாதுங்க. இப்ப அந்தக் குஞ்சுங்களுக்கு யாருமில்லீங்க."

ராஜா ஒச்சப்பன் கட்டை அவுத்துவிடச் சொன்னாரு. தாண்டவராயனைப் பார்த்து, "குஞ்சு ஒண்ணு கொறைஞ்சாலும் உன் தலை உனக்கில்ல. போயி காவல் நில்லு"ன்னாரு.

அன்னையிலேர்ந்து அவன் இடுப்பளவு தண்ணியில நின்னு கொக்கை வெரட்டுனான், நாரையை வெரட்டுனான், மீன்கொத்தியை வெரட்டுனான். சோறு எறங்கல, தூக்கம் இல்ல. குஞ்செல்லாம் பெருசாகி அதது பாட்டுக்குப் போனப்புறம் கரையேறுனான், அந்தத் தாய் மீனு மாதிரியே பெரிய தலையும் ஒட்டுன வயிறுமா. தாயைப் பிடிச்சவன் தாயா நின்ன கதை இம்புட்டுத்தான். போயிப் படுங்க.