கொம்பு ஒடிந்த கதை

"நாலு சனிக்கிழமை வந்தேன். நாலு கதை சொன்னிய. இதுல எதும்மா நிசம்?"

கேட்டவர் கோமதிநாயகம். வயது ஐம்பத்து நாலு. தாலுகா கோர்ட்டில் மாஜிஸ்திரேட்.

கேட்கப்பட்டவள் உலகம்மை. அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். குளத்தங்கரை மடத்தில் தனியாக இருந்துகொண்டு, சனிக்கிழமை காலையில் வருகிறவர்களுக்குப் புராணம் சொல்கிறவள். ஊரில் மடத்தம்மா என்பார்கள். குரு என்று ஒருத்தியை வரித்துக்கொண்ட பிறகு வயசு பார்க்க முடியுமா, பதவி பார்க்க முடியுமா? கோமதிநாயகம் ஸ்கூட்டரில் வந்து மற்றவர்களோடு பாயில் உட்கார்ந்து கேட்பார். இன்றைக்கு எல்லாரும் எழுந்து போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

சங்கதி வேறொன்றும் இல்லை, பிள்ளையாருடைய கொம்பு.

"மொத வாரம், பாரதம் எழுத எழுத்தாணி இல்லாம தானே ஒடிச்சுக்கிட்டாருன்னு சொன்னிய. ரெண்டாவது வாரம், கயமுகாசுரன் மேல எறிய ஒடிச்சாருன்னு சொன்னிய. அதுக்கு அடுத்த வாரம் பரசுராமர் கோடாலிய வீசுதாரு. அப்பா குடுத்த கோடாலியாச்சேன்னு இவரு மரியாதைக்குத் தாங்கிக்கிடுதாரு. இன்னைக்கு என்னடான்னா, தொப்பையப் பாத்துச் சிரிச்ச சந்திரன் மேல எறிஞ்சாராம். ஒரே கொம்பும்மா! எத்தன தடவதான் ஒடியும்?"

உலகம்மை புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"நாலும் நிசந்தான்."

"நாலும் எப்படி நிசமா இருக்கும்?"

"அப்போ நாலும் பொய்யின்னு வச்சுக்கிடுங்க."

இப்படிப் பிடிகொடுக்காமல் பேசினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? கோமதிநாயகத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. குருவாயிற்றே என்று அடக்கிக்கொண்டார்.

அவர் சும்மா பொழுது போகாமல் கேட்கவில்லை.

வருகிற திங்கட்கிழமை அவர் ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். ரைஸ் மில்லில் வேலை பார்த்த மாடத்தி என்கிற பெண்ணுக்கு இடது கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. முதலாளி பொன்பாண்டிதான் முறித்தார் என்று வழக்கு. பார்த்ததாக மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். நெல் அவிக்கிற தொட்டிப் பக்கம் வைத்துக் கம்பியால் அடித்தார் என்றான் ஒருவன். இல்லை, களத்து மேட்டிலிருந்து பிடித்துத் தள்ளினார் என்றாள் ஒருத்தி. யாரும் தொடவே இல்லை, மோட்டார் பெல்ட்டில் கை மாட்டிக்கொண்டது என்று சத்தியம் பண்ணினான் மூன்றாமவன்.

ஆளுக்கு ஒன்று சொன்னால் கோர்ட் என்ன செய்யும்? சந்தேகத்தின் பலனை முதலாளிக்குக் கொடுத்து, விடுதலை என்று எழுதிவிட்டார். டைப் அடித்தும் ஆகிவிட்டது. கையெழுத்துத்தான் பாக்கி.

ஆனால் மனசு கேட்கவில்லை. ஆறு மாதமாக ஒரு வாய்தா விடாமல் மாடத்தி வந்து கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். இவருடைய ஆபீஸ் கார் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பாள். அவ்வளவுதான், வேறொன்றும் செய்ய மாட்டாள். அவள் எழுந்து நிற்பதைப் பார்க்கிறபோதெல்லாம் இவர் மடியிலிருக்கிற கட்டைப் புரட்டுகிற மாதிரித் தலையைக் குனிந்துகொள்வார்.

ஆபீஸ் விஷயத்தை மடத்தில் பேசக் கூடாது. அதனால் அவர் சுற்றி வளைத்துக் கேட்டார்.

"பெரியவங்க இத்தன பேரு மாத்தி மாத்திச் சொல்லியிருக்காங்களே, அவுங்களுக்கு ஒரு கணக்கு இருக்கும்லா? எத எடுக்கணும், எத விடணும்னு?"

"உங்க கோர்ட்ல நாலு பேரு நாலு விதமாச் சொன்னா என்ன செய்விய?"

"தள்ளுபடி பண்ணிருவேன்."

"நல்லதாப் போச்சு. அப்போ பிள்ளையாருக்குக் கொம்பு ஒடியவே இல்ல. தீர்ப்பு எழுதிருங்க."

கோமதிநாயகம் சிரித்துவிட்டார். உலகம்மை சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவருக்கும் சிரிப்பு நின்றுபோயிற்று.

"அது எப்படிம்மா? ஒடிஞ்சுதான இருக்கு. ஊர் பூரா நிக்கிற பிள்ளையாருக்கெல்லாம் ஒத்தக் கொம்புதான்."

"நல்லாத் தெரியுமா?"

"கண்ணால பாக்கத்தான செய்யுதோம்!"

"பாத்திய, சரி. எப்படி ஒடிஞ்சதுன்னு யாரையெல்லாம் கேட்டிய?"

"நீங்க சொன்ன நாலு கதையத்தான் கேட்டேன். வேற யார்ட்ட போயிக் கேக்க?"

உலகம்மை புளித்தட்டைத் தள்ளி வைத்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க."

குளத்துப் படிக்கட்டுக்கு மேலே ஒரு பிள்ளையார். கூரை கிடையாது. எண்ணெய் ஊற்றி ஊற்றிக் கறுத்துப்போன கல். இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஐயாவை அடையாளம் கண்டு தண்ணீருக்குள்ளேயே எழுந்து நின்றார்கள்.

"கொம்பு போனது இவருக்குத்தான? இவர்ட்டயே கேளுங்க."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு மடத்துக்குள் போய்விட்டாள்.

என்ன அநியாயம் இது! கேலி பண்ணுகிறாளா? துவைக்கிற பெண்கள் வேறு பார்க்கிறார்கள். கோமதிநாயகத்துக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கிளம்பிவிடலாமா என்று ஸ்கூட்டர் சாவியைக்கூடக் கையில் எடுத்தார். ஆனாலும் குரு வாக்கை எப்படி மீறுவது? கிட்டே போனார். ஒடிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். மற்ற இடமெல்லாம் எண்ணெயில் வழுவழுவென்று இருந்தது. அந்த இடம் மட்டும் சொரசொரவென்று இருந்தது.

வெயில் உச்சியில் சுள்ளென்று அடித்தது.

திரும்பி மடத்து வாசலுக்கு வந்தார். குரலில் எரிச்சலை மறைக்க அவர் முயற்சிகூடப் பண்ணவில்லை.

"கல்லு எங்கேயாவது பேசுமாம்மா?"

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"கேட்டுப் பாத்துட்டுச் சொல்லுதியளா, கேக்காமலேயே சொல்லுதியளா?"

கோமதிநாயகம் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மாடத்திக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. சாட்சிப் பட்டியலில் முதல் பெயரே அவளுடையதுதான். 'ஐயா, அது ஊமை. கூப்பிட்டு என்ன செய்ய? நேரந்தான் வீண்' என்றார் அரசு வக்கீல். எதிர்த்தரப்பு வக்கீலும் தலையை ஆட்டினார். அந்த இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். இவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் அவள் பெயரை அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

வெட்கமாக இருந்தது. ஐம்பத்து நாலு வயசில் இப்படி ஒரு வெட்கம் அவருக்கு வந்ததில்லை. உலகம்மையிடம் சொல்லிக்கொள்ளாமலேயே கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. கோர்ட்டே ஒரு சாட்சியைக் கூப்பிடப் போகிறது என்று சொல்லி வியாழக்கிழமைக்குப் போட்டார். அரசு வக்கீல் முகம் சுருங்கிப்போயிற்று.

"ஐயா, அதுக்கு வாய் பேச வராதே. என்னத்தக் கேக்க?"

"அது எனக்கும் தெரியாது. கேட்டாத்தான தெரியும்."

வியாழக்கிழமை கோர்ட்டில் நல்ல கூட்டம். மாடத்தி சின்ன வயசில் அஞ்சாவது வரைக்கும் காது கேளாதவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள். அங்கேயிருந்து ஒரு டீச்சரை வரவழைத்திருந்தார்கள். சைகையில் கேட்டு, சைகையில் வருகிற பதிலை வாயால் சொல்ல வேண்டியது அவர் வேலை.

டவாலி வழக்கம்போல வாசலில் நின்று, "மாடத்தி! மாடத்தி! மாடத்தி!" என்று மூன்று தடவை தொண்டை கிழியக் கத்தினார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடி அவள் தோளைத் தொட்டார்.

மாடத்தி கூண்டில் ஏறினாள். இடது கையில் எலும்பு வளைந்தபடியே கூடியிருந்தது. முழங்கைக்குக் கீழே விரல்கள் அசையவில்லை. பொன்பாண்டி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை எப்படி முறிஞ்சதுன்னு கேளுங்க" என்றார் கோமதிநாயகம்.

டீச்சர் கேட்டார்.

கேள்வி முடிந்ததும் மாடத்தி டீச்சரிடமிருந்து கண்ணை எடுத்துவிட்டாள். மேடையில் உட்கார்ந்திருக்கிற கோமதிநாயகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலது கையைத் தூக்கினாள். ஒரே கைதான். ஆனால் படபடவென்று என்னென்னவோ சொன்னாள்.

டீச்சர் தயங்கினார்.

"என்னம்மா? என்ன சொல்லுதாங்க?"

"உங்க கேள்விக்குப் பதில் இல்ல ஐயா. அத அடுத்தாப்ல சொல்லுதாங்களாம். மொதல்ல வேற ஒண்ணு கேக்காங்க."

"என்ன?"

"ஆறு மாசமா உங்க கண்ணு முன்னாலதான எந்திரிச்சு எந்திரிச்சு நின்னேன், இன்னைக்குத்தான் தெரிஞ்சேனான்னு கேக்காங்க."

டைப் அடிக்கிறவர் விரலை எடுத்துவிட்டு ஐயா முகத்தைப் பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்டிய?" என்றார் கோமதிநாயகம். "அதையும் அடிங்க."